ஒரு பிடி மல்லாட்டை

அக்டோபர் 9, திங்கள்

மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. மார்க்கெட் கமிட்டி ஏலத்துக்கு வந்த மல்லாட்டைக் காய் அத்தனையும் ஈரம். மூட்டைக்குள் கை விட்டால் சோற்றுப்பானைக்குள் விட்டமாதிரி சூடு. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிடுங்குகிற வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவன் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பான்? தார் ரோட்டில் கொட்டி, லாரிக்காரனிடம் திட்டு வாங்கி, பாதி காய்ந்ததும் அள்ளிக்கொண்டு இங்கே வருகிறான். நாமும் வாங்குகிறோம்.

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். டாக்டர் ஜெபராணி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டாக்டர். ஆனாலும் ஒரு நர்ஸையும் ஒரு பெட்டி ஊசியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். நான் மென்று பார்த்துக்கொண்டு போவதைத் தூணோரம் நின்று கவனித்திருக்கிறார். முடிந்ததும் கிட்டே வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு விஷயம் கேக்கலாமா?”

“எங்க ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைம்மா. நான் மல்லாட்டை மண்டி. தனகோட்டின்னு கேட்டா கேட்லயே கை காட்டுவாங்க.”

சிரித்தார். தூத்துக்குடிப் பக்கமாம்; அங்கே மல்லாட்டையை நிலக்கடலை என்பார்களாம். “சரிங்கய்யா. மென்னு பாத்துட்டு நீங்க துப்பவே மாட்டீங்களா? எல்லாத்தையும் முழுங்குதீங்களே?”

“துப்பிட்டா பின்ருசி தெரியாது. மல்லாட்டை சொல்ற பொய்யெல்லாம் தொண்டையிலதான் தெரியும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே குவியல் குவியலாகக் கொட்டி வைப்பார்கள்; ஒரு குவியல் ஒரு லாட். வியாபாரி ஒரு பிடி அள்ளி, உடைத்து, பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். மற்றவர்கள் சந்தேகப்பட்டதை மட்டும் மெல்லுவார்கள். நான் ஒரு லாட்டையும் விடமாட்டேன். ஒரு பிடி போதும், மொத்த மூட்டையையும் சொல்லிவிடுவேன். என் தாடை அசைகிற விதத்தைப் பார்த்துச் சீட்டு எழுதுகிறவர்கள் இங்கே உண்டு. எட்டாவதோடு நின்றவனுக்கு இந்த நாக்குதான் காலேஜ்.

அந்த அம்மாவுக்கு வேண்டியது இரண்டு. ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் காய். கமிட்டியில் வேலை செய்கிறவர்கள், வியாபாரிகள் எல்லாரிடமும் கொஞ்சம் ரத்தம். இப்போது ஒருமுறை, பிப்ரவரியில் வெயில் வந்ததும் இன்னொருமுறை. ஈரத்தில் மல்லாட்டையில் ஒரு பூசணம் பிடிக்குமாம், அது ஒரு விஷத்தை விடுமாம், அது மனுஷன் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவேண்டுமாம்.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் பச்சையப்பன் சும்மா இருப்பானா? “இன்னாம்மா, மல்லாட்டை செடியிலதான காய்க்குது? ரத்தத்துலயா காய்க்குது?”

சங்கத்துக்கு நான் தலைவர். என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். பெரிய மனசெல்லாம் இல்லை. காசில்லாமல் ரத்தம் சோதித்துத் தருகிறேன் என்றார். டவுனில் அதற்கு என்ன வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் மரகதம், “சட்டை இன்னா ஆணியில மாட்டுனமாரி தொங்குது” என்றாள். துணி விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

அக்டோபர் 18, புதன்

ஜெபராணி மறுபடி வந்தார். ஒரு வார்த்தை சொன்னார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த விஷத்துக்கு ருசியே கிடையாதாம்.

“பூசணம் பிடிச்சா கசக்கும்மா. கசந்தா நான் கண்டுபிடிச்சிருவேன்.”

“கசக்குதது வேற, இது வேறய்யா. கசக்காமலும் இருக்கும். பாக்க மணிமணியா இருக்கும்.”

“சரி. இன்னிக்கு நான் மென்ன லாட்டுல அஞ்சு எடுத்துக்கோங்க. எது நல்லது எது சொத்தைன்னு நான் இப்பவே எழுதித் தர்றேன். உங்க மிஷின் இன்னா சொல்லுதுன்னு பாத்துடலாம்.”

பந்தயம் கட்டுகிற வயசில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு பிடி எடுக்கவில்லை. லாட்டுக்குப் பாதி மூட்டை அள்ளினார். எதற்கு இவ்வளவு என்றால், விஷம் எல்லாக் கொட்டையிலும் இருக்காது, ஆயிரத்தில் ஒன்றில் மொத்தமாக இருக்கும், அந்த ஒன்று என் கைப்பிடியில் வராமல் போகலாம் என்றார். மொத்தத்தையும் மாவாக அரைத்துத்தான் பார்ப்பார்களாம்.

கேட்டுக்கொண்டேன். முதல் தரம் என்று நான் எழுதிய லாட்டில் வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். சட்னிக்கு.

அக்டோபர் 25, புதன்

வரத்து குறைவு. மத்தியானம் கல்லாவிலேயே தூங்கிவிட்டேன். மழைக்கால அசதி.

நவம்பர் 6, திங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன். போனில் முடிவு சொல்லமாட்டேன், நேரில் வாங்க என்றார் அந்த அம்மா. மகன் ஞானசேகர் கார் ஓட்டினான். மூன்று மணி நேரம், வழியெல்லாம் பள்ளம்.

எவ்வளவு பெரிய இடம்! கேட்டிலிருந்து அவர் கட்டடத்துக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நமக்கு வழிவிடவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை; நம் பாட்டுக்குத் தாண்டிப் போகவேண்டியதுதான். வராந்தாவில் ஒரு விவசாயி பாலிதீன் பையில் வேர் மண்ணோடு வாடின கத்தரிச் செடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்றேன். “பூச்சி சாருக்கு” என்றார். பூச்சி சார் வந்து செடியை வாங்கி, தரையிலேயே குந்தி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி வெளிநோயாளி வாசல் மாதிரித்தான் இருந்தது, நோயாளிதான் செடி.

சுவரில் இவர்கள் கண்டுபிடித்த ரகங்களின் பெயரை வரிசையாக எழுதிவைத்திருந்தார்கள். மல்லாட்டை வரிசையில் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அந்த விதை வந்த பிறகுதான் எங்கள் பக்கம் செடிக்குக் காய் இரண்டு பங்கானது. அந்த விதை வந்த பிறகுதான் நான் சைக்கிளில் ஊர் ஊராகப் பொறுக்குவதை விட்டுவிட்டு மண்டி வைத்தேன். இவ்வளவு நாள் அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞானசேகரிடம் இதைச் சொல்லவில்லை.

ஜெபராணியின் அறை மண்டி மாதிரியே இருந்தது. மூட்டைக்கு நடுவில் மேஜை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. ஒரு மிஷின்மேல் துண்டு போர்த்தியிருந்தது.

“இது படுத்துருச்சுங்கய்யா. உதிரிபாகம் ஜெர்மனிலருந்து வரணும். இன்னொரு டிபார்ட்மெண்ட்ல கெஞ்சிக் கூத்தாடி ஓட்டிட்டிருக்கேன். நிதி மார்ச்சோட முடியுது. அதுக்குள்ள எழுதிக் குடுக்கலன்னா அடுத்த தடவை என் முகத்தைப் பாக்கமாட்டாங்க.”

களைத்த முகம். வியாபாரிக்கு அது தெரியும். நஷ்டம் வரும் என்று தெரிந்தும் கடை திறக்கிறவன் முகம்.

பிறகு காகிதத்தை நகர்த்தினார். நான் சொத்தை என்று எழுதிய இரண்டில் ஒன்று சொத்தை. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, சும்மா கசந்திருக்கிறது. முதல் தரம் என்று எழுதினேனே, அதில்தான் இருப்பதிலேயே அதிக விஷம்.

“மிஷின் தப்பா இருக்கலாம்மா.”

“அதான் மூணு தடவை ஓட்டினேன்யா. உங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லப் பிரியமே இல்லை.”

ஞானசேகர் என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தான். நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்னிக் கொட்டையைக் குழி தோண்டிக் கொட்டச் சொன்னேன். மாட்டுக்கும் வேண்டாம் என்றேன். மரகதம் ஒன்றை உடைத்து வாயில் போட்டுப் பார்த்தாள். “நல்லாத்தான கீது” என்றாள்.

“துப்புடி” என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளை அப்படிக் கத்தியதில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் ஒரு விள்ளல். போதும் என்றிருந்தது. பேத்திகள் வெடித்தார்கள், நான் உள்ளேயே இருந்துகொண்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

இன்று மலையில் தீபம். வழக்கமாக நடந்தே போய்ச் சுற்றி வருவேன். இந்த வருஷம் மாடியிலிருந்து கும்பிட்டேன். கூட்டம் அதிகம் என்று சொன்னார்கள்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஜெபராணி போன் செய்தார். ஆராய்ச்சி முடிவு என்று எனக்குத் தனியாகச் சொல்லக்கூடாதாம். ஆனால் ரத்தத்தில் கல்லீரல் சம்பந்தமாக ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அந்த ஆளிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறதாம். அந்த விதிப்படி சொல்கிறாராம். எவ்வளவு சுற்றி வளைத்துப் பேசினார் பாவம். சரக்கு திரும்பி வந்ததைப் பார்ட்டிக்குச் சொல்ல நானும் இப்படித்தான் இழுப்பேன்.

“பெரிய ஆஸ்பத்திரில கல்லீரல் பிரிவு இருக்குய்யா. இந்த வாரமே போயிருங்க. தள்ளிப்போடாதீங்க, அண்ணாச்சி.”

அண்ணாச்சி என்றார். இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

எல்லாருக்கும் இருக்கிற பித்தம்தான். போகவேண்டாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 7, வியாழன்

போனேன். ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். இரண்டு கையிலும் குத்தினார்கள். நரம்பு கிடைக்கவில்லையாம்.

டிசம்பர் 19, செவ்வாய்

கல்லீரலில் ஒரு கட்டி. கட்டி என்றால் எல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை. மஞ்சள் காமாலை வைரஸ் ஒன்றும் ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது, அதுவும் பூசண விஷமும் சேர்ந்தால் ஆகாது என்றார் டாக்டர். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஆபரேஷன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வெளியே வந்து ஜெபராணிக்குப் போன் போட்டேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. இது மல்லாட்டையாலதானா?”

“உங்க ஒருத்தரை மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. இருக்கலாம். நூத்துக்கணக்குல ஆளுங்களைப் பாத்தாத்தான் ஏதாவது சொல்லலாம்.”

“அப்ப உங்க ஆராய்ச்சி எனக்கு எதுக்கு?”

“உங்களுக்கு இல்லைய்யா” என்றார். உடனே, “தப்பா சொல்லிட்டேன்” என்றார்.

தப்பில்லை. சரியாகத்தான் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன். நான் ஒரு பிடி. மூட்டை வேறே.

மரகதத்திடம் புண் என்று சொல்லியிருக்கிறேன். ஞானசேகருக்கு முழுதும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது. உடம்பு சரியில்லாத வியாபாரிக்கு யாரும் நம்பிச் சரக்கு போடமாட்டார்கள். நானே போட்டதில்லை. இனிமேல் முழுக்கைச் சட்டை.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் முடிந்தது. மரகதம் என் தட்டில் வைப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள், நான் மிச்சம் வைப்பது எனக்கே தெரியக்கூடாது என்பதற்காக. அவளுக்குத் தெரிந்துவிட்டது. புண் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பதை நிறுத்தி ஒரு வாரமாகிறது.

ஜனவரி 24, புதன்

ஞானசேகரோடு தகராறு. எங்கள் உடைக்கிற மிஷினில் போடுவதற்கு முன்னால் காய்க்குத் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி ஊறவைப்போம். எல்லா மண்டியிலும் அப்படித்தான். ஓடு மெத்தென்று ஆகும், பருப்பு இரண்டாகப் பிளக்காமல் முழுசாக வரும். முழுப் பருப்புக்குத்தான் விலை. பூசணத்துக்கு நாமே மெத்தை போட்டுத் தண்ணீர் தெளிக்கிறமாதிரி என்று பல்கலைக்கழகத்துக்குப் போன அன்றைக்கே ஜெபராணி சொல்லியிருந்தார்.

“இனிமே தெளிக்காத” என்றேன்.

“பாதி பருப்பு பொளந்துக்கும்பா.”

“பொளக்கட்டும்.”

“பொளந்ததை பார்ட்டி எடுக்கமாட்டான். பச்சையப்பன் மாமா தெளிச்சிக்கினேதான் இருப்பாரு. அவரு முழுப் பருப்பா அனுப்பிக்கினு இருக்க, நாம மட்டும் உடைசல் வித்துக்கினு கெடக்கணுமா?”

கணக்கு சரிதான். நான் கற்றுக்கொடுத்த கணக்கு. போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெபராணிக்கு அவனே போன் செய்திருக்கிறான். அங்கே பொறியியல் பிரிவில் தண்ணீர் தெளிக்காமலே பருப்பு பிளக்காதபடி, மிஷினில் இரும்புக்குப் பதில் ரப்பர் வைத்து உடைக்கிற வேலையைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அடுத்த வாரம் போகிறேன் என்றான். என்னைக் கேட்கவில்லை, சொன்னான்.

பிப்ரவரி 10, சனி

எங்களிடம் பருப்பு வாங்குகிற பம்பாய் பார்ட்டிக்கு யாரோ ஓதிவிட்டார்கள், எங்கள் கமிட்டியில் பல்கலைக்கழகம் விஷம் தேடுகிறது என்று. பச்சையப்பனின் இரண்டு லாரி அங்கே மூன்று நாளாக இறக்காமல் நிற்கிறது. திங்கட்கிழமை இரண்டாவது ரத்தம் எடுக்க வண்டி வருகிறது. அதே நாள் சங்கக் கூட்டம் போட்டிருக்கிறான்.

ஜெபராணி போனில், “ஊர் பேரு, கமிட்டி பேரு, ஆள் பேரு ஒண்ணும் வராதுய்யா, சத்தியமா. பிப்ரவரி ரத்தம் கெடைக்கலன்னா அக்டோபர்ல எடுத்ததும் வீண். மழைக்கும் வெயிலுக்கும் ஒப்பிட்டாத்தான் காய வைக்கணும்னு நான் அடிச்சுச் சொல்ல முடியும், களமும் ஷெட்டும் கேட்டு எழுத முடியும்” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, திங்கள்

கூட்டம் கமிட்டி ஹாலில். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பல்கலைக்கழக வண்டி. ஜெபராணி இறங்கி, உள்ளே வராமல் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

பச்சையப்பன் தீர்மானம் படித்தான். யாரும் ரத்தம் கொடுக்கக்கூடாது, ஒரு பிடி காய்கூடக் கொடுக்கக்கூடாது. படித்துவிட்டு, எழுதாததையும் சொன்னான்.

“அந்த அம்மா மேல எனக்கு இன்னா விரோதம்? நல்ல அம்மாதான். இதை எழுதிச்சின்னா அதுக்குப் பதவி உசரும். நாம மண்டியைப் பூட்டிக்கினு சாவியை யார்கிட்ட குடுக்கறது? பேரு போடமாட்டாங்களாம். இந்த ஜில்லாவுல எத்தினி கமிட்டி கீது? கண்டுபிடிக்க எத்தினி நேரமாவும்?”

நியாயம். நான் அவன் இடத்தில் இருந்தால் இதைவிட நன்றாகப் பேசியிருப்பேன். பேசியும் இருக்கிறேன், வேறு சமாசாரங்களில், இதே ஹாலில்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் ‘ஏகமனதாக’ என்று சொன்னால் முடிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உண்மையைச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை. என் உடம்பில் இது இருக்கிறது, அதனால் கொடுங்கள் என்று. அதைச் சொன்ன நிமிஷத்தில் என் மண்டி ஞானசேகர் மண்டியாகிவிடும். அதைத் தூக்கி நிறுத்த அவனுக்கு இன்னும் இரண்டு சீசனாவது நான் பின்னால் நிற்கவேண்டும். அந்த அம்மாவும் என்ன சொன்னார்? இதனால்தான் என்று சொல்லமுடியாது என்றார். அவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. பச்சையப்பன், “இன்னாணா, தூங்கிட்டியா?” என்றான். சிரித்தார்கள்.

“தீர்மானத்தை அப்பறம் எழுதிக்கலாம்” என்றேன். “நான் போய்க் குத்திக்கினு வந்துடறேன். வண்டி நிக்குது பாரு.”

எழுந்து நடந்தேன். பின்னாலேயே வந்தார்கள், சண்டைக்கோ வேடிக்கைக்கோ. வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஏன் முழுக்கை போட ஆரம்பித்தேன் என்று.

ஆஸ்பத்திரியில் குத்தின இடமெல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது. கை, சோகை உரித்த கரும்பு மாதிரி. நர்ஸ் தடவித் தடவி நரம்பு தேடினாள். லோடுமேன்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

“இன்னாணா இது?” பச்சையப்பன் குரல் வேறு மாதிரி இருந்தது.

“கைதான்.”

“எத்தினி நாளா?”

“ஊசி குத்தறப்போ பேச்சுக் குடுக்காத. ஆடிடும்.”

ஜெபராணி எங்கள் பக்கம் பார்க்காமல் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டினதையே திரும்ப ஒட்டினார்.

என் முறை முடிந்து எழுந்தேன். நாற்காலி காலியாகக் கிடந்தது. தீர்மானக் காகிதத்தை நான்காக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு பச்சையப்பன் அதில் வந்து உட்கார்ந்தான். “அம்மா, எனக்கு ஊசின்னா பயம். மெதுவா குத்து. அந்தண்ட பாத்துக்கினு இருக்கறன், முடிஞ்சதும் சொல்லு” என்றான். முகத்தைத் திருப்பினான். திருப்பின பக்கத்தில் நான் இல்லை, மதில்சுவர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வரிசை கேட் வரைக்கும் போனது.

பிப்ரவரி 13, செவ்வாய்

நாள் முழுக்கப் படுக்கை.

மார்ச் 6, புதன்

செய்தி போய்விட்டது. பம்பாய் பார்ட்டி, “பையனிடம் போனைக் கொடுங்கள்” என்கிறார். கடனுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கைக்காசு கேட்கிறார்கள். யார் சொன்னது என்று நான் தேடவில்லை. அவ்வளவு பேர் பார்த்த கை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன், வியாபாரம் அது.

ஞானசேகர் ரப்பர் வைத்த மிஷினை ஓட்டிப் பார்த்தான். தண்ணீர் தெளிக்கவில்லை. உடைசல் முன்னைவிட அதிகம்தான், ஆனால் அவன் பயந்த அளவுக்கு இல்லை. இன்னும் ரப்பரைத் தள்ளிவைத்துப் பார்க்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்துப் பையன்களோடு போனிலேயே சண்டை போடுகிறான். பச்சையப்பன் வந்து அரை நாள் நின்று பார்த்தான். போகும்போது ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அவன் மண்டியில் இன்னும் தெளிக்கிறார்கள்.

மார்ச் 20, புதன்

கமிட்டிக்குப் போனேன். ஞானசேகர் வேண்டாம் என்றான். வீட்டில் இருந்தால் மரகதத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

முதல் லாட். ஒரு பிடி அள்ளினேன். உடைத்தேன். கை தானாக வாய்க்குப் போனது. எல்லாரும் என் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை இறக்கி, ஓட்டையும் பருப்பையும் கீழே போட்டுவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டேன்.

“இன்னாணா, எப்படி எழுதறது?” என்றான் ஒருவன்.

“காயைக் காதுகிட்ட ஆட்டிப் பாரு. சத்தம் வந்தா காஞ்சிருக்கு. இல்லாங்காட்டி, ஈரம் பாக்கற மீட்டர் ஒண்ணு கீதாம், சங்கத்துல வாங்கிப் போடலாம். மெல்லாதீங்க.”

இரண்டு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல மென்றார்கள். ஒரு நாளில் யார் மாறுவார்கள்? விலை எழுத ரொம்ப நேரமாயிற்று. வெயிலில் நிற்க முடியாமல் பாதியிலேயே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

சித்திரைக் காய் வரத் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை மழையில்லை. நன்றாகக் காய்கிறது.

ஜெபராணி வீட்டுக்கே வந்தார். ஆராய்ச்சி எழுதிக் கொடுத்தாயிற்று, நிதி நீளுமா என்று தெரியவில்லை, அந்த மிஷின் இன்னும் துண்டு போர்த்திக்கொண்டுதான் இருக்கிறதாம். களமும் ஷெட்டும் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார். “வரும்மா?” என்றேன். “எழுதாட்டி வராது. எழுதினா வரலாம்” என்றார். எனக்கு இவரிடம் பிடித்ததே இதுதான். கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்தேன். ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். காகிதம் முழுக்கப் புள்ளிகள், நடுவில் சாய்வாக ஒரு கோடு.

“இது அக்டோபர்ல எடுத்த ரத்தம். ஒரு புள்ளி ஒரு ஆளுங்கய்யா. வலது பக்கம் போகப் போக, ஒரு நாளைக்கு நிறைய லாட் மெல்லுதவங்க. மேல போகப் போக ரத்தத்துல அந்த விஷம் ஜாஸ்தி. வெயில் வந்த பிறகு எடுத்ததுல எல்லாமே கீழ இறங்கியிருக்கு. அதை வச்சுத்தான் அடிச்சு எழுதியிருக்கேன்.”

“இதுல நான் எது?”

“அது சொல்லக் கூடாதுய்யா. யாருக்கும் பேர் கிடையாது.”

பென்சில் நுனியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு விளக்கினார். இது லோடுமேன்கள், இது தரகர்கள், இது எப்போதாவது மெல்கிற வியாபாரிகள். பென்சில் எல்லா இடத்துக்கும் போனது. வலது ஓரத்து உச்சிக்கு மட்டும் போகவில்லை. அங்கே தனியாக ஒரு புள்ளி இருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

எங்கள் கமிட்டியில் ஒரு லாட்டையும் விடாமல் மெல்கிறவன் ஒருவன்தான்.

“அம்மா, அந்த ஓரத்துல ஒண்ணு கூட்டத்தோட சேராம நிக்குதே. கணக்குக்கு இடைஞ்சலா இருக்காதா? பொறுக்கிப் போட்டுடலாமே. நாங்க சொத்தையை அப்படித்தான் எடுத்துடுவோம்.”

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடுக்கக் கூடாது அண்ணாச்சி. அதுவும் நெசந்தானே. அதை எடுத்துட்டு எப்படிக் கோடு போட?”

மரகதம் மோர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். போகவில்லை.

“அப்ப இருக்கட்டும்” என்றேன்.